பக்கவாத்தியக்காரர்களின் கச்சேரி

ஜாஸ் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது லூயி ஆம்ஸ்ட்ராங்கின் வெள்ளைக் கைக்குட்டை, மைல்ஸ் டேவிஸின் கறுப்புக் கண்ணாடி, ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோன். கொஞ்சம் கூடுதலாகக் கேட்டவர்கள் என்றால் சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க் என்று இன்னும் நாலு பேரைச் சேர்த்துச் சொல்வார்கள். எல்லாமே தலைவர்களின் பெயர்கள். ஆல்பத்தின் முன்னட்டையில் கொட்டை எழுத்தில் அச்சாகும் பெயர்கள்.

பின்னட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் இன்னும் நாலைந்து பெயர்கள் இருக்கும். டிரம்ஸ் இன்னார், பாஸ் இன்னார், பியானோ இன்னார். அந்தப் பொடி எழுத்துக்காரர்கள் இல்லாவிட்டால் ஜாஸ் ஒரு நிமிடம்கூட நகராது. ஆனால் அவர்களில் எத்தனை பேரை வெளியில் தெரியும்? ஒரு வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசித்தவருக்கு அறுபது வயதில், எழுபது வயதில் என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்விக்கு உயிருள்ள ஒரு பதிலாக 2007 வாக்கில் நியூயார்க்கில் ஒரு குழு உருவானது. பெயர் 'தி குக்கர்ஸ்'. முக்கியமான ஐந்து பேருமே அப்போது அறுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் எழுபதையும் தாண்டியவர்.

(குக்கர் என்றதும் மூன்று விசில் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஒரு குழு சூடுபிடித்து வாசித்தால் 'சமைக்கிறார்கள்' என்று சொல்வது ஜாஸ்காரர்களின் வழக்கு. 1965 ஏப்ரலில் புரூக்ளினில் ஒரு கிளப்பில் ஃப்ரெடி ஹப்பர்டும் லீ மார்கனும், இரண்டு பெரிய ட்ரம்பெட் கலைஞர்கள், ஒரே மேடையில் போட்டி போட்டு வாசித்த கச்சேரி 'தி நைட் ஆஃப் தி குக்கர்ஸ்' என்ற ஆல்பமாக வந்தது. குழுவின் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான்.)

வயதானவர்கள் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்றால் வழக்கமாக வரும் பேச்சு இரண்டு விதம். ஒன்று, "இந்த வயசுலயும் எப்படி வாசிக்கிறாங்க பாரு!" என்ற வியப்பு. இன்னொன்று, "பழைய பெருமையை வைத்துப் பிழைக்கிறார்கள்" என்ற சலிப்பு. குக்கர்ஸ் விஷயத்தில் இரண்டுமே தவறு. ஏன் என்று புரிய வேண்டுமானால் இவர்கள் ஒவ்வொருவரும் எந்த வழியாக அந்த மேடைக்கு வந்து சேர்ந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

யார் இவர்கள்?

முதலில் பில்லி ஹார்ப்பர், டெனார் சாக்ஸபோன். 1943ல் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் பிறந்து 1960களின் நடுவில் நியூயார்க் வந்தவர். கில் எவன்ஸ், ஆர்ட் பிளேக்கி, மாக்ஸ் ரோச், லீ மார்கன் என்று அவர் வாசித்த தலைவர்களின் வரிசை ஒரு பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி இருக்கும். வாசித்ததோடு நிற்கவில்லை, மெட்டும் போட்டார். கில் எவன்ஸ் குழு வாசித்த 'தரோபிரெட்', 'பிரீஸ்டெஸ்' இரண்டும் ஹார்ப்பருடையவை. 'பிரீஸ்டெஸ்' என்பதே பிறகு எவன்ஸின் ஓர் ஆல்பத்துக்குத் தலைப்பாகிவிட்டது. அந்த அட்டையில் பெரிதாக இருப்பது எவன்ஸின் பெயர்தான்.

1972 பிப்ரவரி 19, நியூயார்க்கின் 'ஸ்லக்ஸ்' கிளப். 33 வயதான லீ மார்கன் அங்கே தன் துணைவியால் சுடப்பட்டார். வெளியே கடும் பனி, ஆம்புலன்ஸ் வந்து சேரத் தாமதம். அவர் பிழைக்கவில்லை. அன்று மார்கனின் குழுவில் சாக்ஸபோன் வாசிக்க வந்திருந்தவர் ஹார்ப்பர். தலைவர் போனார், குழுவும் போனது. பக்கவாத்தியக்காரரின் பிழைப்பு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் வேண்டியதில்லை.

அடுத்து எடி ஹெண்டர்சன், ட்ரம்பெட். 1940ல் நியூயார்க்கில் பிறந்தவர். அம்மா புகழ்பெற்ற காட்டன் கிளப்பில் நடனமாடியவர், அப்பா பாடகர். சின்ன வயதில் ஹெண்டர்சனுக்கு ட்ரம்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? சாட்சாத் லூயி ஆம்ஸ்ட்ராங்! பின்னாளில் மைல்ஸ் டேவிஸ் அவர்கள் வீட்டு விருந்தாளி. மைல்ஸின் ஆல்பத்தோடு சேர்ந்து அட்சரம் பிசகாமல் வாசித்துக் காட்டிய இளைஞனிடம், நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது நான் வாசித்ததாயிற்றே என்ற பொருளில் மைல்ஸ் சொன்னதாக ஹெண்டர்சனே பேட்டிகளில் சொல்லிச் சிரிப்பார்.

இவ்வளவு இருந்தும் அவர் இசையை மட்டும் நம்பவில்லை. 1968ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். மனநல மருத்துவத்திலும் பயிற்சி பெற்றார். 1970ல் ஹெர்பி ஹான்காக்கின் 'ம்வாண்டிஷி' குழுவில் சேர்ந்தார். அந்தக் குழுவில் எல்லோருக்கும் ஸ்வாஹிலி மொழியில் ஒரு பெயர் உண்டு. ஹெண்டர்சனுக்குக் கிடைத்த பெயர் 'ம்கங்கா', அதாவது வைத்தியர். 1970களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருடம் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறிய மருத்துவமனையில் பகுதிநேரமாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ட்ரம்பெட் வாசித்தார்.

அதே ம்வாண்டிஷி குழுவின் டிரம்ஸ் கலைஞர் பில்லி ஹார்ட். (ஆம், குக்கர்ஸில் இரண்டு பில்லிகள். பெயர் குழப்பம் வருவது சகஜம்.) 1940ல் வாஷிங்டனில் பிறந்தவர். பாடகி ஷர்லி ஹார்ன், ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித், கிதார் மேதை வெஸ் மாண்ட்கோமரி, பிறகு ஹான்காக், மெக்காய் டைனர், ஸ்டான் கெட்ஸ். நூற்றுக்கணக்கான ஆல்பங்களில் இவருடைய டிரம்ஸ் இருக்கிறது. தன் பெயரில் முதல் ஆல்பம் 'என்சான்ஸ்' 1977ல் வந்தபோது வயது 36.

பாஸ் வாசிப்பவர் சிசில் மெக்பீ. 1935ல் ஓக்லஹோமா மாநிலம் டல்ஸாவில் பிறந்த மூத்தவர். சார்லஸ் லாய்டின் 'ஃபாரஸ்ட் ஃபிளவர்' 1960களில் ராக் ரசிகர்களையும் இழுத்த ஆல்பம். அதில் பாஸ் மெக்பீ. ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971) ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்த பாஸ் ஒலி, கேட்டவர் யாரும் மறக்க மாட்டார்கள். அதுவும் மெக்பீதான். அந்த சச்சிதானந்தர், கோயமுத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா போன அதே சுவாமி சச்சிதானந்தர். செட்டிபாளையத்துக்காரர் பெயர் உலகம் சுற்றியது. அந்த பாஸை வாசித்தவரின் பெயர் பின்னட்டையிலேயே நின்றுவிட்டது.

பியானோ ஜார்ஜ் கேபிள்ஸ், 1944ல் நியூயார்க்கில் பிறந்தவர். ஆர்ட் பிளேக்கி, சானி ராலின்ஸ், ஃப்ரெடி ஹப்பர்ட், டெக்ஸ்டர் கார்டன் எல்லோரும் நம்பிக் கூப்பிட்ட பியானோக்காரர். சாக்ஸபோன் கலைஞர் ஆர்ட் பெப்பர் இவரைச் செல்லமாக 'மிஸ்டர் பியூட்டிஃபுல்' என்று அழைத்தார். 1982ல், பெப்பர் இறப்பதற்குச் சற்று முன்னால், இருவரும் ஜோடியாகப் பதிவுசெய்த 'கோயிங் ஹோம்' ஆல்பத்தைக் கேட்டால் அந்தச் செல்லப் பெயர் சரிதான் என்று தோன்றும்.

இந்த ஐந்து பேரையும் ஒன்றுசேர்த்தவர் டேவிட் வைஸ். 1964ல் பிறந்த ட்ரம்பெட் கலைஞர், இவர்களுக்கு மகன் வயது. உதடு கெட்டுப்போய்த் தடுமாறிக்கொண்டிருந்த ஃப்ரெடி ஹப்பர்டுக்குத் தன் குழுவோடு கடைசி வருடங்களில் தோள் கொடுத்தவர். ஏழாவது இடத்தில் சாக்ஸபோனுக்கு முதலில் கிரெய்க் ஹேண்டி, பிறகு நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த டொனால்ட் ஹாரிசன். இவர்களும் 1960களில் பிறந்தவர்கள். ஆக ஐந்து பெரியவர்கள், இரண்டு இளையவர்கள்.

நடுவில் மாட்டிக்கொண்ட தலைமுறை

இவ்வளவு திறமை இருந்தும் ஏன் இவர்கள் பெயர் முன்னட்டைக்கு வரவில்லை? 'அதிர்ஷ்டம் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். உண்மையான காரணம் காலமும் கடையும்.

1950களிலும் 60களிலும் ப்ளூ நோட் மாதிரி நிறுவனங்கள் இளம் ஜாஸ் கலைஞர்களுக்குத் தொடர்ந்து ஆல்பம் போட வாய்ப்புத் தந்தன. இந்த ஐவரும் நியூயார்க்கில் காலூன்றி, சொந்தமாக ஏதாவது சொல்லத் தயாரான நேரத்தில் அந்தக் கதவு மூடிக்கொண்டிருந்தது. ப்ளூ நோட் 1960களின் நடுவில் கைமாறியது. 1980களின் தொடக்கத்தில் கிட்டத்தட்டத் தூங்கியே போய், 1985ல்தான் மறுபடி எழுந்தது. நடுவில் ராக் இசை கூட்டத்தை அள்ளிக்கொண்டது. ம்வாண்டிஷி குழு ஓர் அற்புதம், ஆனால் வரவைவிடச் செலவு அதிகம். 1973ல் ஹான்காக் அதைக் கலைத்துவிட்டு ஃபங்க் பக்கம் போனார். அதே வருடம் வந்த 'ஹெட் ஹன்டர்ஸ்' விற்பனையில் சக்கைப்போடு போட்டது. ஹான்காக்கைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஹார்ட்டும் ஹெண்டர்சனும் அடுத்த வேலையைத் தேட வேண்டியிருந்தது.

பெரிய நிறுவனங்கள் கைவிட்டபோது கலைஞர்களே லேபிள் தொடங்கினார்கள். ட்ரம்பெட் கலைஞர் சார்லஸ் டாலிவரும் பியானோ கலைஞர் ஸ்டான்லி கவலும் 1971ல் ஆரம்பித்த 'ஸ்ட்ராட்டா ஈஸ்ட்' அப்படி ஒன்று. ஹார்ப்பரின் 'காப்ரா பிளாக்' 1973ல் அங்கே வந்தது. மெக்பீயின் 'முட்டிமா' 1974ல் அங்கேதான். இரண்டும் இன்று தேடித் தேடிக் கேட்கப்படும் ஆல்பங்கள். ஆனால் அன்று அவற்றை ஊர் ஊராகக் கடைகளுக்கு அனுப்பப் பெரிய நிறுவனத்தின் பலம் இல்லை. ஹார்ப்பருக்கு அடுத்து கை கொடுத்தது இத்தாலி. 'பிளாக் செயிண்ட்' என்ற இத்தாலிய லேபிளின் முதல் வெளியீடே 1975ல் வந்த அவருடைய ஆல்பம்தான். அதன் சகோதர லேபிளான 'சோல் நோட்'டின் முதல் வெளியீடும் அவருடையதே. அமெரிக்காவில் பிறந்த இசைக்கு, அமெரிக்காவில் பிறந்த கலைஞருக்கு, மிலானில்தான் இடம் கிடைத்தது!

சரி, 1980களில் ஜாஸ் மறுபடி தலைதூக்கியதே, அப்போதாவது? 1961ல் பிறந்த வின்டன் மார்சாலிஸ் 1984ல் ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இரண்டுக்கும் ஒரே வருடத்தில் கிராமி விருது வாங்கினார். உடனே பெரிய நிறுவனங்கள் எல்லாம் கோட்டு சூட்டுப் போட்ட இருபது வயதுக்காரர்களைத் தேடி ஓடின. 'இளம் சிங்கங்கள்' என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். (டொனால்ட் ஹாரிசனே அப்படி வந்தவர்தான்.) பழைய ஜாம்பவான்களுக்கும் ஓரளவு மரியாதை கிடைத்தது. நடுவில் இருந்த நாற்பது வயதுக்காரர்கள்? சிங்கமாகவும் முடியாது, சிலையாகவும் முடியாது. மெக்பீ பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் 25 வருடங்களுக்கு மேல் பாடம் நடத்தினார். ஹார்ட், ஹார்ப்பர் இருவரும்கூட வகுப்பறைக்குப் போனவர்களே. ஹெண்டர்சனுக்கோ மருத்துவம் இருந்தது.

பெயர் யாருடையது?

மெக்பீயின் வாழ்க்கையில் நடந்த ஒரு வழக்கு இந்தத் தலைமுறையின் நிலைமையைத் தெளிவாகக் காட்டும்.

1980களில் ஜப்பானில் இளம்பெண்களுக்கான ஆடை பிராண்ட் ஒன்று வந்தது. அதன் பெயர் 'சிசில் மெக்பீ'. அதே பெயர், எழுத்து மாறாமல். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. கச்சேரிக்கு ஜப்பான் போய்வந்துகொண்டிருந்த மனிதர், தன் பெயரில் கோடிக்கணக்கில் துணி விற்பதைத் தெரிந்துகொண்டு எதிர்த்தார். ஜப்பானில் போராடித் தோற்றார். 2002ல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார். 2005ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. ஜப்பானில் நடக்கும் விற்பனை அமெரிக்க வணிகத்தைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை, ஆகவே இங்கே அதை விசாரிக்க இடமில்லை என்பது சாரம்.

சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் நாற்பது வருடம் உழைத்துச் சேர்த்த ஒரே சொத்து அவருடைய பெயர். அந்தப் பெயரைச் சட்டையில் ஒட்டினால் காசு. அதே பெயரை ஆல்பத்தில் ஒட்டினால் பொடி எழுத்து! மைல்ஸ் டேவிஸ் பெயரில் இப்படி ஒரு கடை அனுமதி இல்லாமல் ஓடியிருக்குமா? (கடைசியில் அந்த பிராண்ட் 2020ல் தன் கடைகளையெல்லாம் மூடப்போவதாக அறிவித்தது. அதற்கு அடுத்த வருடம் வந்த குக்கர்ஸ் ஆல்பத்தில் 85 வயதைத் தாண்டிய மெக்பீ பாஸ் வாசித்திருக்கிறார்.)

ஒன்றாக நின்றால் என்ன கிடைக்கும்?

இப்போது குழுவுக்கு வரலாம். இந்த ஐந்து பேரில் யாராவது ஒருவர் தனியாகத் தன் பெயரில் கச்சேரி போட்டால், ஜாஸில் ஊறியவர்கள் மட்டும் வருவார்கள். ஐந்து பேரும் ஒரே மேடையில் என்றால் விஷயம் வேறு. ஐரோப்பிய விழாக்கள் கூப்பிடும். ஆல்பம் போட லேபிள் முன்வரும். 'வாரியர்ஸ்' (2010), 'காஸ்ட் தி ஃபர்ஸ்ட் ஸ்டோன்' (2011), 'பிலீவ்' (2012), 'டைம் அண்ட் டைம் அகைன்' (2014), 'தி கால் ஆஃப் தி வைல்ட் அண்ட் பீஸ்ஃபுல் ஹார்ட்' (2016), 'லுக் அவுட்!' (2021) என்று ஆறு ஆல்பங்கள் வரிசையாக வந்தன. தனித்தனியாக இருந்திருந்தால் இந்த வயதில் இந்த வேகம் சாத்தியமில்லை.

அதைவிட முக்கியம், அவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்பது. மூத்தவர்கள் சேர்ந்தால் வழக்கமாக நடப்பது 'அஞ்சலி' கச்சேரி. கோல்ட்ரேனுக்கு ஒரு மாலை, மைல்ஸுக்கு ஒரு மாலை. குக்கர்ஸ் வாசிப்பதில் பெரும்பகுதி ஹார்ப்பர், மெக்பீ, கேபிள்ஸ், ஹார்ட் ஆகியோரின் சொந்த மெட்டுகள். 'காப்ரா பிளாக்' 'வாரியர்ஸ்' ஆல்பத்தில் மறுபடி வந்தது. 'முட்டிமா' 'லுக் அவுட்!' ஆல்பத்தில் வந்தது. 1970களில் சின்ன லேபிளில் பதிவாகி முடங்கிய இசை, இரண்டு ட்ரம்பெட், இரண்டு சாக்ஸபோன் என்ற பெரிய அணியோடு, வைஸின் ஒழுங்கமைப்பில், முழு உடம்போடு எழுந்து நிற்கிறது. ஆக இந்த மேடையில் எல்லோரும் தலைவர்கள், எல்லோரும் பக்கவாத்தியம். ஹார்ப்பரின் மெட்டு வரும்போது கேபிள்ஸ் துணை. கேபிள்ஸின் மெட்டு வரும்போது ஹார்ப்பர் துணை.

கேட்டால் காதுக்கே தெரியும் ஒரு விஷயம் உண்டு. ஹார்ப்பரின் மெட்டுகள் கோயில் தேர் மாதிரி, மெல்லக் கிளம்பி, கிளம்பிவிட்டால் நிறுத்த முடியாதவை. அதற்குக் கீழே ஹார்ட் தாளத்தை ஒரே சீராகப் பிடிக்காமல் அலை மாதிரி ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். மெக்பீ அந்த அலைக்குள் அடி ஆணி மாதிரி நிற்பார். இருபது வயதில் வேகம் வரும், நுட்பமும் வரும். ஆனால் அடுத்தவர் எங்கே போகப்போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்து வழிவிடும் பக்குவம், நாற்பது வருடம் பக்கவாத்தியம் வாசித்தால்தான் வரும். பொடி எழுத்தில் கழிந்த காலம் இங்கேதான் வட்டியோடு திரும்புகிறது.

நீண்ட காலம் சேர்ந்திருப்பதன் அருமைக்கும் கஷ்டத்துக்கும் ஜாஸில் பழைய உதாரணம் 'மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்'. 1952ல் தொடங்கிய நால்வர் குழு. தலைவர் என்று ஒருவர் பெயரைப் போடாமல் குழுவின் பெயரிலேயே உலகம் சுற்றினார்கள். 1974ல் மில்ட் ஜாக்சன் விலகியதும் குழு உடைந்தது. இத்தனை வருட உழைப்புக்குக் கையில் வரும் காசு போதவில்லை என்பது அவர் வருத்தங்களில் முக்கியமானது. 1981ல் மறுபடி ஒன்றுசேர்ந்து 1990கள் வரை வாசித்தார்கள். மரியாதை எவ்வளவு இருந்தாலும் வருமானம் சரியாக இல்லாவிட்டால் எந்தக் குழுவும் நிற்காது. கலைஞர்களைப் பற்றிப் பேசும்போது காசைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இவர்கள் விஷயத்தில் காசு என்பது உயிர்ப் பிரச்சினையும்கூட. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மாதச் சம்பள வேலையோடு ஒட்டியது. இரவுக்கு இரவு கூலி வாங்கும் கலைஞருக்கு அது ஏது? அதற்காகவே 1989ல் 'ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா' என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. டிஸ்ஸி கில்லஸ்பி 1993ல் கடைசி மூச்சை விட்ட நியூ ஜெர்சி மருத்துவமனை, அவர் நினைவாக வசதியில்லாத ஜாஸ் கலைஞர்களுக்கு இலவசமாகச் சிகிச்சை தருகிறது. கேபிள்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007ல் கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றினார்கள். 2018ல் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் பியானோவின் முன்னால் வந்து உட்கார்ந்தார். 'லுக் அவுட்!' ஆல்பத்தின் முதல் பாட்டு அவர் எழுதியது.

எதிர்வாதங்கள்

இந்த மாதிரி மூத்தோர் குழுக்களைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

முதல் குறை: விழாக்களில் இருக்கும் கொஞ்சநஞ்ச இடத்தையும் பெரியவர்களே எடுத்துக்கொண்டால் இளைஞர்கள் எங்கே போவார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் ஜாஸில் பெரியவர்களும் இளைஞர்களும் தனித்தனி வரிசையில் நிற்பதில்லை. வைஸ் இல்லாமல் குக்கர்ஸ் இல்லை. பில்லி ஹார்ட்டின் சொந்த நால்வர் குழுவில் (முதல் ஆல்பம் 2006ல் வந்தது) மற்ற மூவருமே அவரைவிட மிக இளையவர்கள். கல்லூரியில் இசை இலக்கணம் கற்கலாம். மேடையில் எப்போது வாசிக்காமல் இருப்பது என்பதைப் பெரியவர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

இரண்டாவது குறை: பெயர் 1965 ஆல்பத்திலிருந்து, மெட்டுகள் பல 1970களிலிருந்து. இதுவும் ஏக்க வியாபாரம்தானே? ஏக்கம் என்பது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததைத் திரும்பக் கேட்பது. இந்த மெட்டுகளைப் பெரும்பாலானவர்கள் முதல் தடவை கேட்டதே குக்கர்ஸ் வழியாகத்தான். பழசு என்று ஒதுக்க அது முதலில் பரவியிருக்க வேண்டுமே!

மூன்றாவது குறைக்குத்தான் பதில் இல்லை. குழுவில் ஏழு பேரும் ஆண்கள். பொடி எழுத்திலும் பொடி எழுத்தாக ஒதுக்கப்பட்ட பெண்கள் ஜாஸில் உண்டு. டிராம்போன் கலைஞர் மெல்பா லிஸ்டன், ராண்டி வெஸ்டனின் ஆல்பங்களுக்கு வருடக்கணக்கில் இசை ஒழுங்கமைத்தவர், 1999ல் மறைந்தார். அவர் பெயரும் பின்னட்டையில்தான். மூத்தவர்களுக்குத் தாமதமாகவாவது ஒரு மேடை அமைந்தது என்று மகிழும்போது, அந்த மேடைக்கு யாரெல்லாம் அழைக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கைதட்டல் எதற்கு?

பில்லி ஹார்ட்டுக்கு 2022ல் அமெரிக்க அரசின் 'ஜாஸ் மாஸ்டர்' கௌரவம் கிடைத்தது. அப்போது அவர் வயது 81. அதே வருடம் அதே கௌரவம் டொனால்ட் ஹாரிசனுக்கும் கிடைத்தது. ஒருவர் இன்னொருவரைவிட இருபது வயது மூத்தவர் என்பதை மட்டும் கவனியுங்கள்.

வயதானவர்கள் வாசிப்பதைப் பார்த்து 'பாவம், இந்த வயதிலும்' என்று கைதட்டுவது ஒருவகை அவமானம். அது வாசிப்புக்கு விழும் கைதட்டல் அல்ல, பிறந்த வருடத்துக்கு விழுவது. குக்கர்ஸுக்குக் கிடைக்கும் கைதட்டலில் பெரும்பங்கு பழைய பாக்கி. 1973லும் 1974லும் கொடுக்காமல் விட்டது. பாக்கியைத் தீர்ப்பவர் தர்மப் பிரபு மாதிரி நடந்துகொள்ளக் கூடாது.

பாக்கியைத் தீர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. அடுத்த தடவை ஏதாவது ஒரு பாட்டு மனதைப் பிடித்தால், எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி, முன்னட்டையோடு நிற்காமல் வாசித்தவர்கள் யார் என்று தேடிப் பாருங்கள். ஒரு பெயர் கிடைக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு ஆல்பம், அங்கிருந்து இன்னொரு பெயர். ஜாஸின் உண்மையான வரலாறு அந்தப் பொடி எழுத்து வழியாகத்தான் ஓடுகிறது.

பி.கு.: எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: முதலில் ஹார்ப்பரின் 'காப்ரா பிளாக்' 1973 பதிவைக் கேளுங்கள். உடனே 'வாரியர்ஸ்' ஆல்பத்தில் இருக்கும் அதே மெட்டைக் கேளுங்கள். நடுவில் 37 வருடங்கள். எது இளமை, எது முதுமை என்று காதே முடிவு செய்துகொள்ளட்டும்.